செவ்வாய்ப்பேட்டையின் சாயங்காலம்

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையைத் தேடிப் போகிற எவரும் முதலில் 1882-ஆம் ஆண்டில்தான் போய் நிற்க நேரும். அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடந்த கலகம் அத்தனை காகிதத்தை உண்டாக்கியது. கலெக்டருக்கும் கவர்னர் அலுவலகத்துக்கும் இடையே கடிதங்கள், போலீஸ் அறிக்கைகள், வழக்கு விசாரணை, மேல்முறையீடு, அதன்மேல் பத்திரிகைகளில் நடந்த சண்டை என்று பேட்டையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் பார்த்தால், ஊர் இருந்த சுவடே மெலிந்து போகிறது.

நான் தேடியது கலகத்தை அல்ல. செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் கடை அடைத்த பிறகு எங்கே உட்கார்ந்தார்கள், யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதே என் கேள்வி. இன்று அந்தப் பேட்டையில் ஒரு மாலை நடந்தால் இந்தக் கேள்வி தானாக எழும். லீ பஜாரில் மஞ்சள், பருப்பு, மிளகாய், புளி மூட்டைகள், மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி, பால் மார்க்கெட், சந்துக்குச் சந்து கொலுசுப் பட்டறை. ஒரே தெருவில் தமிழ், தேவாங்கர் வீட்டுக் கன்னடம், தெலுங்கு, மார்வாடிக் கடையின் இந்தி, குஜராத்தி எல்லாம் காதில் விழுகின்றன. கோட்டைப் பக்கம் திரும்பினால் உருது. பொன்னம்மாப்பேட்டை, அம்மாப்பேட்டைப் பக்கம் போனால் சௌராட்டிரம். எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் பேசுவது சேலத்துத் தமிழ். இவ்வளவு பேர் ஒரே பேட்டைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், ஒருவரை ஒருவர் எப்படிப் பழக்கிக்கொண்டார்கள் என்பதற்கு எங்கேயாவது எழுத்து இருக்க வேண்டும் என்று நம்பினேன்.

அந்த எழுத்து ஒரே இடத்தில் இல்லை. வேறு வேறு காரியங்களுக்காக வேறு வேறு ஆட்கள் எழுதி வைத்த தாள்களில் சிதறிக் கிடக்கிறது.

முதல் இடம் மாவட்டக் கையேடு. எச். லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-ல் இரண்டு தொகுதிகளாக அச்சானது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடிவிட்டுப் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால் அந்தக் கையேட்டில் நிலவரி, மழை, விளைச்சல், சாவு ஆகியவற்றுக்கே முதலிடம். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1918-ல், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் வந்தது. இவர் ஊர்களைக் கொஞ்சம் நின்று பார்த்தவர். திருமணிமுத்தாற்றை ஒட்டிய கோட்டை, பழைய ஊர், குகை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலம் பல துண்டுகளாக இருப்பதை இவரிடம் தெளிவாகப் பார்க்கலாம். பேட்டை என்றாலே சந்தைதான். செவ்வாய்தோறும் கூடிய சந்தை நாளடைவில் குடியிருப்பாயிற்று. 1901 கணக்கெடுப்பில் சேலம் நகரத்தின் மக்கள் 70,621 பேர். 2011-ல் அதே ஊரில் 8,29,267 பேர். ஒரு வாரச்சந்தை மேட்டைச் சுற்றி இந்த வளர்ச்சி எப்படி நிகழ்ந்தது என்பதற்குக் கெசட்டியரை விட ரயில் வரைபடம் நல்ல சாட்சி.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போட்ட ரயில்பாதை 1862-ல் முடிந்தது. அந்தப் பாதையில் சேலத்துக்கான நிலையம் ஊருக்குள் அமையவில்லை. மேற்கே தள்ளிச் சூரமங்கலத்தில் அமைந்தது. சரக்கு சூரமங்கலத்தில் இறங்க வேண்டும், வண்டியேறி ஊருக்குள் வர வேண்டும். கோட்டைக்கும் சூரமங்கலத்துக்கும் நடுவே கிடந்தது செவ்வாய்ப்பேட்டை. பிறகு விருத்தாசலம் போகும் பாதை சேலம் சந்திப்பிலிருந்து நகரத்துக்குள் நுழைந்தபோது, சந்திப்புக்கும் சேலம் டவுனுக்கும் இடையே ‘சேலம் மார்க்கெட்’ என்று தனி நிலையமே வந்தது. இந்த நிலையத்தின் பெயரை நான் ஓர் ஆவணமாகவே எடுத்துக்கொள்கிறேன். ரயில்வேக்காரர்கள் ஒரு பேட்டையை அதன் பெயரால் அழைக்காமல் அதன் வேலையால் அழைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரனுக்குச் செவ்வாய்ப்பேட்டை அப்போதே ‘மார்க்கெட்’ ஆகிவிட்டது. சரக்கோடு ஆள் வருவான், வந்த ஆள் தங்க இடம் தேடுவான், தங்கியவன் சாயங்காலம் பேச்சுத் துணை தேடுவான்.

இனி 1882-ஐத் தாண்டிப் போக முடியாது. ஊர்வலப் பாதையில் இருந்த ஒரு மசூதியின் முன்னால் மேளதாளத்தோடு போகலாமா கூடாதா என்ற தகராறு முற்றிக் கலகமாயிற்று, மசூதி இடிக்கப்பட்டது, உயிர்கள் போயின. சேலம் நகரசபை உறுப்பினராக இருந்த இளம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் தூண்டிவிட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்டார். கீழ்க்கோர்ட்டு தண்டித்தது, சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தன்மேல் விழுந்த களங்கத்தையும் பறிபோன நகரசபை இடத்தையும் அவர் விடாமல் போராடி மீட்டார். 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’வுக்கு அது முதல் பெரிய அரசியல் போராட்டங்களில் ஒன்று. அந்த மனிதர்தான் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். தேசிய அரசியல் வரலாறு இந்தக் கலகத்தை அவருடைய வாழ்க்கை வழியாகவே நினைவில் வைத்திருக்கிறது.

பேட்டையின் வரலாற்றுக்கு அது போதாது. கலகக் கோப்பைக் கலகத்துக்காகப் படித்தால் இரண்டு கட்சிகள் மட்டுமே கண்ணில் படும். ஆனால் நீதிமன்ற வாக்குமூலம் என்கிற வடிவத்துக்குள் வேறொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து வாக்குமூலம் சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், சாதி, தொழில், குடியிருப்பு என்று தொடங்கும். அதன்பின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: சத்தம் கேட்டபோது நீ எங்கே இருந்தாய்? திண்ணையில் இருந்தவன், கடையில் இருந்தவன், நெசவுக் குழியில் இருந்தவன், பக்கத்து வீட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தவன் என்று ஒரு தெருவின் சாதாரண நாள் அந்தப் பதிலுக்குள் சிக்கிக்கொள்கிறது. கலகம் வெடிப்பதற்கு முந்தைய நிமிடம் வரை அங்கே நடந்துகொண்டிருந்தது பேட்டையின் வாழ்க்கை. இப்படிப்பட்ட கோப்புகளைப் படிக்கிறவர்கள் அந்த முதல் பதிலில் நிற்க வேண்டும், குற்றத்துக்கு ஓடக்கூடாது. இத்தனை தேடலில் நான் கற்ற வாசிப்பு முறை இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பேட்டைக்கு நான் நேர்மையாக இல்லை என்றாகும். எல்லோரையும் ஏற்றுக்கொண்ட ஊர் என்று அதை நினைத்துப் பார்ப்பது இனிமையாக இருக்கிறது. ஆனால் யார் எங்கே உட்காரலாம் என்பதில் பழைய சேலம் கறாராக இருந்தது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தபோது, அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அமர்த்தினார். அக்கிரகாரத்தில் பெரும் எதிர்ப்பு. அவர் உத்தரவை மாற்றவில்லை. அந்தக் குழாயைத் தொடுவதற்கே அத்தனை கலவரம் என்றால், காப்பிக் கிளப்பில் பக்கத்தில் உட்காருவது எப்படி இருந்திருக்கும்? தமிழகமெங்கும் காப்பி ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்த காலம் அது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் காப்பிக் கோப்பைக்குள் இருந்த இந்தச் சாதி வரலாற்றை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே ஒரு பேட்டையில் பலரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்றால், அது யாரோ சண்டை போட்டு வாங்கிக்கொடுத்த பெஞ்சு. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய மாநாடு இதே சேலத்தில் நடந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் பற்றிய நேரடிச் சாட்சியம் எனக்குக் கிடைத்தது யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில்: மதுவிலக்கு அறிக்கையில்.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைத் தன் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரும் பரப்பு. ராசிபுரத்துக் கடையும் திருச்செங்கோட்டுக் கடையும் ஓசூர்க் கடையும் ஒரே நாளில் அடைபட்டன. அதற்கு முன்பே, 1925-ல், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கல்கியை உடன் வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியவர் ராஜாஜி. சேலத்தைத் தேர்ந்தது தற்செயல் இல்லை.

இந்த ஏற்பாடு பலித்ததா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்போதைய கலெக்டர் ஏ. எஃப். டபிள்யூ. டிக்சன் விடாமல் அறிக்கை அனுப்பினார். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் மேற்பார்வையில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகள் பற்றி ஆய்வு நடந்து, அறிக்கையாக அச்சாயிற்று. குடித்துக்கொண்டிருந்த குடும்பங்களின் வரவு செலவை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. சம்பளக் காசு எங்கே போயிற்று, இப்போது எங்கே போகிறது, கடன் குறைந்ததா, சாப்பாடு கூடியதா, துணிமணி வாங்கினார்களா என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துச் சாயங்காலத்தைக் கட்டி எழுப்பலாம். கள்ளுக்கடை ஒரு கடை மட்டும் இல்லை. உழைத்துக் களைத்தவன் போய் நாலு பேரோடு உட்காரும் இடம். அதை மூடினால் அந்த ஆள் எங்கே போவான் என்ற கவலை அரசாங்கத்துக்கே வந்தது. அதனால்தான் பஜனை, நாடகம், விளையாட்டு என்று மாற்றுப் பொழுதுபோக்குகளை ஏற்பாடு செய்தார்கள். கள்ளுக்குச் செலவான காசில் ஒரு பங்கு காப்பிக்கும் டீக்கும் பலகாரத்துக்கும் திரும்பியது. ஒரு அரசாங்கம் தன் குடிமக்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்த அபூர்வமான தருணம் அது. கூலிக்காரர்கள், தறிக்காரர்கள், வண்டிக்காரர்கள் என்று வேறு எந்தக் காகிதத்திலும் பேச வாய்ப்பில்லாதவர்களின் மாலைப்பொழுது அந்த அறிக்கையில் செலவுக் கணக்காகப் பதிவாகியிருக்கிறது. மதுவிலக்கு 1938-ல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-ல் வட ஆர்க்காட்டுக்கும் பரவியது. போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிக் கட்டிய அந்த வரிக்கு மூலகாரணம் இதே ஊரில் அடைக்கப்பட்ட கள்ளுக்கடைகள். இந்தத் தொடர்பைச் சேலத்திலேயே பலர் அறிய மாட்டார்கள்.

அதே காலத்தில் ஊரின் இன்னொரு கோடியில், ஏற்காடு சாலையில், வேறொரு கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து திரும்பியவர். 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1938 ஜனவரியில் வெளியான முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’ இந்தச் சேலத்தில் உருவானது. அதன் பிரதி இன்று இல்லை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இங்கே படம் எடுத்தார். மு. கருணாநிதி ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதினார். கண்ணதாசன் இங்கே சம்பளத்துக்கு இருந்தார். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இங்கிருந்து போனது. இதையெல்லாம் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்று: வெளியூர் ஆளுக்கு வீடு கொடுத்து, கடன் கொடுத்து, சாப்பாடு போட்டுப் பழகிய ஊரில்தான் இப்படியொரு தொழிற்சாலை காலூன்ற முடியும். சினிமாவுக்கு முன்பே அந்தப் பழக்கத்தைச் சேலத்துக்குக் கொடுத்தவை அதன் பேட்டைகள்.

அதற்கு என் கையில் இருக்கும் மிக வலுவான சான்று ஜவ்வரிசி.

இந்தியாவில் ஜவ்வரிசித் தொழில் எப்படிப் பிறந்தது என்பதைச் சேலத்து உற்பத்தியாளர் அமைப்புகள் தங்கள் வரலாறாகவே பாதுகாத்து வைத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் விழுந்தன. கப்பல் நின்றது. அப்போது சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி இருந்தார். தொழில் நிமித்தம் கேரளம் போய் வந்து, அங்கே குச்சிக்கிழங்கைப் பார்த்து, அதிலிருந்து மாவு எடுக்க முயன்றுகொண்டிருந்தார். பினாங்கில் இருந்து வந்து சேர்ந்த போபட்லால் ஷா என்ற குஜராத்தியருக்கு அங்கே ஜவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்தது. இவர்கள் இருவரும் சேர்ந்தார்கள். 1943-ல் கிழங்கை அரைத்து, பால் எடுத்து, படியவிட்டு, அந்த மாவைக் குருணையாக உருட்டி வறுத்துக் குடிசைத் தொழிலாகத் தொடங்கினார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அதற்குத் தக்க இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். கையால் உருட்டிய தொழில் ஆலைத் தொழிலாயிற்று.

இந்த மூன்று பெயர்களையும் ஒன்றாகப் பாருங்கள். ஒரு செட்டியார், கடல் கடந்து திரும்பிய ஒரு குஜராத்தியர், பட்டறையில் வேலை தெரிந்த ஒரு கவுண்டர். சாதியாலும் மொழியாலும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தியில் உட்கார வாய்ப்பில்லாதவர்கள். இவர்கள் சந்திக்க ஒரு பொது இடம் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் சந்தை, அதன் மண்டி, அதன் திண்ணை. சேலத்தின் மிகப் பெரிய விவசாயத் தொழில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலோ அரசுத் திட்டத்திலோ பிறக்கவில்லை. வந்தவனை உட்காரவைத்து அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கிற வியாபாரப் பேச்சில் பிறந்தது. இன்று ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், சேந்தமங்கலம் வரை குச்சிக்கிழங்குக் காடுகள். 1981-ல் சேலத்தில் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவானது. மகாராஷ்டிரத்தில் விரத நாளில் சாப்பிடும் சாபுதானாக் கிச்சடியும் வங்காளத்துப் பாயசமும் இந்தச் சமவெளியின் கிழங்கில் நடக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. போபட்லால் ஷாவைத் திருப்பி அனுப்பிய பேட்டையாக இது இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இதே கண்ணோடு கொலுசுப் பட்டறைகளைப் பார்த்தால் இன்னொரு வகை ஆவணம் தெரிகிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு வட்டாரத்தில் ஒரு கொலுசு ஒரே ஆள் கையில் முடிவதில்லை. கட்டி வெள்ளியை உருக்குபவர் ஒருவர்; கம்பி இழுப்பவர் ஒருவர்; சலங்கை செய்வது ஒரு வீடு; கோத்துப் பற்றவைப்பது இன்னொரு வீடு; மெருகு போடுவது வேறொரு பட்டறை. வெள்ளி எடை போட்டுக் கைமாறும், சேதாரம் கழித்துத் திரும்பி வரும். கொடுத்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சிட்டையில் ஏறும். சிட்டையில் சாதி இல்லை, மொழி இல்லை; எடையும் கூலியும் ஆளின் பெயரும் மட்டும். ஒரு பேட்டையில் யார் யாரை நம்பினார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான எழுத்தை நான் பார்க்கவில்லை. தமிழ் வியாபாரிகளின் நாள்வழியும் பேரேடும், குஜராத்தி மார்வாடிக் கடைகளின் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்குப் புத்தகமும், தறி வீடுகளின் பாவு நூல் கணக்கும் இந்த வகையைச் சேர்ந்தவை. தீபாவளிக்கு ஒரு கடையில் புதுக்கணக்கு, சித்திரையில் அடுத்த கடையில் புதுக்கணக்கு. ஒருவர் கணக்குத் தொடங்கும் நாளில் மற்றவருக்குத் தாம்பூலம் போகும்.

ஆடி மாதம் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கொஞ்சம் ஓய்வு. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் நகரத்தின் மற்றப் பேட்டை மாரியம்மன்களுக்கும் விழா தொடங்கிவிடும். குகையில் வண்டி வேடிக்கை. தெய்வங்களாகவும் புராண மாந்தராகவும் வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். பார்ப்பதற்கு மாவட்டமே திரளும். 1882-ல் ஊர்வலப் பாதை பற்றி எழுந்த கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும்போது புரியும். தெரு ஒன்றுதான்; அதில் எல்லோருக்கும் வழி வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வழியைப் பேசி முடித்துக்கொள்கிறார்கள். பேசி முடித்த ஆண்டுகளுக்குக் கோப்பு திறப்பதில்லை.

இன்றைய சாயங்காலத்துக்கு வருவோம். ஆறு மணிக்கு மேல் செவ்வாய்ப்பேட்டையிலும் அப்சரா இறக்கத்திலும் குகையிலும் தள்ளுவண்டிகள் வந்துவிடும். மற்ற ஊரில் தட்டை என்பதை இங்கே தட்டுவடை என்பார்கள். ஒரு தட்டுவடைமேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். அதன்மேல் இன்னொரு தட்டுவடை. இது ஒரு செட். முறுக்கில் வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் உடைத்துக் கலந்தால் நொறுக்கல். அதில் முட்டை சேர்ந்தால் முட்டை நொறுக்கல். வண்டியைச் சுற்றி நாற்காலி கிடையாது. கொலுசுப் பட்டறையிலிருந்து கரியோடு வந்தவர், மண்டியிலிருந்து மஞ்சள் தூளோடு வந்தவர், கல்லூரி மாணவி, மார்வாடிக் கடைப் பையன், தொழுகை முடித்து வந்த பெரியவர் எல்லோரும் தட்டைக் கையில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். முறை வருவதற்கு வரிசை, வரிசையில் பேச்சு. காப்பிக் கிளப்பின் தனி இடத்திலிருந்து இந்தத் தள்ளுவண்டி வரை வந்த தூரத்தைத்தான் நான் காப்பகத்தில் அளந்துகொண்டிருந்தேன். அந்தத் தூரம் பெரியது, அதை நடந்து கடந்தவர்கள் பேட்டையின் சாதாரண ஆட்கள் என்பதே என் முடிவு.

காப்பகம் இந்த முடிவுக்குப் பாதி வழிதான் துணை வரும். அரசாங்கம் ஒரு பேட்டையைப் பற்றி எழுதுவது அது சண்டையிட்டபோது, வரி கட்டியபோது, குடித்தபோது. 1866-ல் தொடங்கிய சேலம் நகரசபை 1994-ல் மாநகராட்சியாயிற்று. அதன் பழைய தீர்மானப் புத்தகங்களில் சந்தைக் குத்தகையும் விளக்குக்கம்பமும் குடிநீர்க் குழாயும் இருக்கும், பேச்சு இருக்காது. மீதிப் பாதி செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை வீடுகளின் பரண்களில் இருக்கிறது. கடை கைமாறும்போதும், பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போதும் அந்தப் பேரேடுகள் எடைக்குப் போகின்றன. கிலோ கணக்கில் விற்ற ஒரு பேரேட்டில் இன்னொரு மாணிக்கம் செட்டியார், இன்னொரு போபட்லால் ஷா இருந்திருக்கலாம்.

ஆகவே சேலம், நாமக்கல் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ கடையிலோ 1960-க்கு முந்தைய நாள்வழி, பேரேடு, சிட்டை, விழா நோட்டீஸ், சங்கக் கணக்கு, தியேட்டர் துண்டுப்பிரசுரம், கடைப் பெயர் அச்சிட்ட ரசீதுக் கட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். உங்களால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையோ சேலம் அரசு அருங்காட்சியகத்தையோ கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, எந்தத் தெரு, எந்தக் கடை, யார் கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். அந்தக் கையெழுத்தை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.